கார்டியன் அண்ணன் கையெழுத்து போடமாட்டேங்கிறார், அக்காவை ஹோம்ல இருந்து கூட்டிட்டு வர முடியுமா?

கேள்வி: மேடம், என் பேர் போடாதீங்க ப்ளீஸ். எனக்கு ஒரு அண்ணன், ஒரு அக்கா, நான் கடைசி. அக்காவுக்கு 38 வயசு, அறிவுசார் மாற்றுத்திறனாளி, சர்ட்டிபிகேட்ல 75 சதவீதம்னு இருக்கு. தானா சாப்பிடுவா, குளிப்பா, பாத்திரம் தேய்ப்பா, துணி மடிப்பா, பேச்சு மட்டும் கொஞ்சம் தான். அப்பா கவர்மென்ட் ஸ்கூல் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர், அம்மாவுக்கு முன்னாடியே தவறிட்டார். நாலு வருஷம் முன்னாடி அம்மாவும் போனதுக்கு அப்புறம் அண்ணன் கலெக்டர் ஆபீஸ்ல கார்டியன் சர்ட்டிபிகேட் வாங்கி அவளை ஒரு தனியார் ஹோம்ல சேர்த்துட்டார். நான் பார்க்க போறப்ப எல்லாம் கைய புடிச்சிட்டு "வீடு, வீடு"ன்னு அழறா. ஏதோ மாத்திரை குடுக்கறாங்க, எப்பவும் தூக்க கலக்கத்துலயே இருக்கா. ஹோம்ல கேட்டா கார்டியன் கையெழுத்து இல்லாம ஒரு நாள் கூட அனுப்ப மாட்டோம்ங்கறாங்க, அண்ணன் "சட்டப்படி நான் தான் முடிவு பண்ணனும்"ங்கறார். நான் வேலைக்கு போறவ, வாடகை வீடு, ரெண்டு பசங்க, பகல்ல அவளை பார்த்துக்க ஆள் இல்ல. அவளை கூட்டிட்டு வர எனக்கு உரிமை இருக்கா? வந்தா அரசாங்கம் ஏதாவது உதவி பண்ணுமா? இல்ல ஹோம்லயே விட்டுடறது தான் அவளுக்கு நல்லதா?

பதில்: வணக்கம்மா. எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், மனசு தாங்காம ஒரு ஞாயித்துக்கிழமை போய் அக்காவை ஆட்டோல ஏத்தி கூட்டிட்டு வந்துடாதீங்க. பாரதிய நியாய சன்ஹிதா 137வது பிரிவுல (பழைய ஐபிசி 361 தான் இது) சட்டப்படியான கார்டியன் பொறுப்புல இருக்கற குழந்தையையோ மனநிலை சரியில்லாதவங்களையோ கார்டியன் சம்மதம் இல்லாம கூட்டிட்டு போனா அது ஆள் கடத்தல்னு இருக்கு. உங்க அக்கா அந்த வரையறைக்குள்ள வருவாங்களான்னு கோர்ட்ல நான் நல்லாவே வாதாடலாம், ஆனா அதுக்குள்ள உங்க அண்ணன் ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளெயின்ட் குடுத்து, அவங்க உங்களை கூப்பிட்டு உட்கார வச்சு, அக்காவை திரும்ப அதே ஹோம்ல கொண்டு போய் விட்டுட்டா, அதுக்கப்புறம் எங்க போனாலும் "இந்தம்மா ஏற்கனவே தூக்கிட்டு போனவங்க"ன்னு தான் பேச்சு ஆரம்பிக்கும். பேப்பர் முதல்ல, ஆட்டோ அப்புறம்.

இப்ப உங்க அண்ணன் சொல்றதுக்கு வருவோம். அவர் வச்சிருக்கறது 1999 தேசிய அறக்கட்டளை சட்டத்துல உள்ளூர் குழு குடுக்கற சர்ட்டிபிகேட். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை குறைபாடு, இந்த நாலுக்கும் தான் அந்த சட்டம், கலெக்டர் தலைமையில ஒரு தொண்டு நிறுவன பிரதிநிதியும் ஒரு மாற்றுத்திறனாளியும் சேர்ந்தது தான் அந்த குழு. சர்ட்டிபிகேட் செல்லும், அதுல சந்தேகம் இல்ல. ஆனா அது அவர் நினைக்கற அளவுக்கு பெருசு இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19ல அமலுக்கு வந்துச்சு இல்லையா, அதோட 14வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, வேற எந்த சட்டத்துல நியமிச்ச கார்டியனா இருந்தாலும் அந்த தேதியில இருந்து அவர் வரையறுக்கப்பட்ட கார்டியனா மட்டும் தான் செயல்படணும், அதாவது குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, சம்பந்தப்பட்டவங்களோட கலந்து, அவங்க விருப்பப்படி முடிவு எடுக்கறவர். உங்க அக்காவோட விருப்பத்தை கேட்காமலே "நான் தான் முடிவு பண்ணனும்"னு சொல்றதுக்கு இங்க இடமே இல்ல. இதை சொன்னா சில ஆபீஸ்ல "அது வேற ஆக்ட், இது வேற ஆக்ட்"னு தள்ளி விடுவாங்க, அசராதீங்க, அந்த பிரிவோட நகலை கையில வச்சுக்கோங்க. வேற எந்த சட்டத்துல நியமிச்சிருந்தாலும்னு அதுலயே எழுதியிருக்கும்போது அவங்க என்ன பேச முடியும்.

நீங்க சொத்து பத்தி ஒரு வார்த்தை கூட எழுதல, நான் தான் கேட்கறேன், ஏன்னா இந்த மாதிரி விஷயத்துல அது எப்பவும் பின்னாடி நிக்கும். அப்பா அம்மா பேர்ல வீடு இருந்து, உயில் இல்லாம போயிருந்தா, இந்து வாரிசுரிமை சட்டப்படி உங்க மூணு பேருக்கும் சம பங்கு. குறைபாடு இருக்குன்னு யாரையும் பங்குல இருந்து ஒதுக்க முடியாதுன்னு அந்த சட்டத்தோட 28வது பிரிவே சொல்லுது. ரெண்டாவது விஷயம் இதை விட முக்கியம், நிறைய குடும்பத்துக்கு தெரியறதே இல்ல. அப்பா அரசு பள்ளி ஆசிரியர்னு சொல்றீங்க, பழைய பென்ஷன்ல ரிட்டயர் ஆனவரா இருந்தா, சொந்தமா சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளி பிள்ளைக்கு அம்மாவுக்கு அப்புறம் குடும்ப ஓய்வூதியம் ஆயுசுக்கும் கிடைக்கும். அது வருதா, வந்தா யார் கைக்கு போகுது, ஹோமுக்கு எவ்வளவு போகுது, மிச்சம் எங்க? உங்க அண்ணன் மேல பழி போடறேன்னு நினைக்காதீங்க, பல அண்ணன்கள் கைக்காசு போட்டு தான் ஹோம் பீஸ் கட்டறாங்க. ஆனா கேட்க வேண்டிய கேள்வி இது. கார்டியன் ஆனவர் நியமனம் ஆன 6 மாசத்துக்குள்ள அக்காவோட சொத்து, வரவு, கடன் பட்டியல் அந்த குழுவுக்கு குடுக்கணும், அப்புறம் ஒவ்வொரு நிதியாண்டு முடிஞ்சும் 3 மாசத்துக்குள்ள கணக்கு காட்டணும், தேசிய அறக்கட்டளை சட்டத்தோட 16வது பிரிவு. பாதி பேர் ஒரு தடவை கூட குடுத்திருக்க மாட்டாங்க, குழுவும் கேட்டிருக்காது.

ஒரு எச்சரிக்கை. கூடப்பிறந்தவர்ங்கற ஒரே காரணத்துக்காக அவருக்கு சுயநலம் இருக்குன்னு சட்டம் முடிவு கட்டாது, 2016 சட்டத்தோட 13வது பிரிவுலயே அதை தெளிவா எழுதிட்டாங்க. அதே பிரிவு தான் இதையும் சொல்லுது, சொத்து விஷயத்துல ரெண்டு பேர் நலனும் நிஜமா மோதினா துணைக்கு நிக்கறவர் அந்த பரிவர்த்தனையில இருந்து விலகிக்கணும், அப்புறம் மாற்றுத்திறனாளி தனக்கு துணையா இருக்கறவரை மாத்திட்டு வேற ஒருத்தரை கேட்கலாம். அதனால மனுவுல "அண்ணன் சொத்துக்கு ஆசைப்படறார்"னு எழுதாதீங்க, கணக்கு கேளுங்க, போதும். கணக்கு வரலன்னா அதுவே பேசும்.

சரி, உண்மையான கேள்விக்கு வருவோம், வெளிய வந்தா அக்கா எப்படி வாழ்வா. எனக்கு வர்ற கடிதம் எல்லாமே இந்த ரெண்டுல ஒண்ணை தான் கேட்குது, ஹோம்ல விடறதா, இல்ல நானே வேலையை விட்டுட்டு பார்த்துக்கறதா. 2016 சட்டத்தோட 5வது பிரிவு இந்த ரெண்டையுமே சொல்லல. மாற்றுத்திறனாளிக்கு சமூகத்துல வாழற உரிமை இருக்கு, இன்ன இடத்துல தான் இருக்கணும்னு அவங்களை கட்டாயப்படுத்த கூடாது, வீட்டுக்கு வந்து செய்யற சேவை, தங்கி இருக்கற வசதி, தனி உதவியாளர் உட்பட சமூக ஆதரவு சேவைகள் வயசுக்கும் பாலினத்துக்கும் ஏத்த மாதிரி அவங்களுக்கு கிடைக்கணும், இது தான் அங்க இருக்கு. அதாவது சமூகத்துல வாழறதுன்னா தங்கச்சி தலையில கட்டறதுன்னு அர்த்தம் இல்லம்மா. உங்களால பகல்ல பார்த்துக்க முடியாதுங்கறது உங்க அக்கா ஹோம்ல இருக்கறதுக்கு ஒரு காரணமே இல்ல, அந்த பகல் நேரத்துக்கு என்ன சேவை வேணும்ங்கறது தான் கேள்வி. கொஞ்சம் கசப்பா இன்னொன்னும் சொல்றேன், கூட்டிட்டு வந்து, நீங்க வேலைக்கு போறப்ப வெளிய பூட்டிட்டு, டிவி போட்டு விட்டு போனீங்கன்னா அதுவும் ஒரு ஹோம் தான், சின்ன ஹோம், அவ்வளவு தான் வித்தியாசம்.

என்ன கிடைக்கும்னு பார்ப்போம். தமிழ்நாட்டுல அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கு மாச பராமரிப்பு உதவித்தொகை 2000 ரூபாய், அது ஏற்கனவே வருதான்னு பாருங்க, அம்மா இருந்தப்ப வாங்கியிருக்கலாம். அதிக ஆதரவு தேவைப்படறவங்களுக்குன்னு 2016 சட்டத்துல 38வது பிரிவுல ஒரு வழி இருக்கு, விண்ணப்பம் போட்டா ஒரு மதிப்பீட்டு வாரியம் பார்த்து என்ன ஆதரவு தேவைன்னு சொல்லணும். பார்த்துக்கறவங்களுக்கு மாசம் 1000 ரூபாய் தர்ற திட்டமும் மாநிலத்துல இருக்கு, அது அதிக ஆதரவு தேவைப்படறவங்க குடும்பத்துக்கு. உங்க அக்கா தானா குளிச்சு சாப்பிடறாங்கன்னு சொல்றீங்க, அதனால இது கிடைக்கும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன், ஆனாலும் கேளுங்க. உலக வங்கி கடன் உதவியோட நடக்கற ரைட்ஸ் திட்டத்துல விழுதுகள்னு ஒரு சேவை மையம் திறந்துட்டு வர்றாங்க, பிசியோ, பேச்சு பயிற்சி, தொழில் பயிற்சி எல்லாம் ஒரே இடத்துல குடுக்கறதுக்கு, உங்க வட்டாரத்துல இருக்கான்னு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விசாரிங்க. தேசிய அறக்கட்டளையோட பகல் பராமரிப்பு மையம், திஷா விகாஸ்னு பேர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்கள் நடத்துது, காலையில விட்டுட்டு சாயங்காலம் கூட்டிட்டு வரலாம், உங்க நிலைமைக்கு இது தான் நேரா பொருந்தற சேவைன்னு எனக்கு தோணுது. நிரமயா மருத்துவ காப்பீடு வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும் இருக்கு, அதை யாரும் போடாம விட்டுடறாங்க, போட்டு வைங்க.

பட்டியலா படிச்சா நல்லா தான் இருக்கு, நேர்ல போனா பல ஊர்ல பகல் மையம் 30, 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும், வேன் இருக்காது, "18 வயசுக்கு மேல எடுக்கறதில்ல"ம்பாங்க. இங்க தான் நம்ம சட்டத்தோட பலவீனத்தை ஒத்துக்கணும், 5வது பிரிவு இந்த சேவையை எல்லாம் அரசு குடுத்தே ஆகணும்னு சொல்லல, முயற்சி எடுக்கணும்னு சொல்லி நிறுத்திடுது. மனநோய் உள்ளவங்களுக்கான 2017 மனநல பராமரிப்பு சட்டம் இதை விட கறாரா எழுதியிருக்கு, குடும்பம் ஏத்துக்கல, வெளிய வசதி இல்லங்கறதுக்காக மட்டும் ஒருத்தரை ஆஸ்பத்திரியிலயே வச்சிருக்க கூடாதுன்னு 19வது பிரிவு நேரடியா சொல்லுது. ஆனா அந்த சட்டத்துல மனநோய்க்கு குடுத்த விளக்கத்துல அறிவுசார் குறைபாட்டை சேர்க்கல, அதனால உங்க அக்காவுக்கு அதை அப்படியே எடுத்து வைக்க முடியாது. அமெரிக்காவுல 1999ல ஓம்ஸ்டெட்னு ஒரு வழக்கு, ஜார்ஜியா மாநில ஆஸ்பத்திரியில இருந்த ரெண்டு பெண்கள், ரெண்டு பேருக்கும் மனநோயும் அறிவுசார் குறைபாடும் இருந்துச்சு, வெளிய சேவையோட வாழலாம்னு டாக்டர்களே சொன்ன பிறகும் உள்ளயே வச்சிருந்தாங்க, காரணமில்லாம இப்படி பிரிச்சு வைக்கறதே பாகுபாடு தான்னு அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அந்த தீர்ப்பு நம்மளை கட்டுப்படுத்தாது. ஆனா நம்ம நாடும் 2007ல ஐநா மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏத்துக்கிட்டிருக்கு, அதோட 19வது ஷரத்து இதே விஷயம் தான், ஹைகோர்ட்ல ரிட் போட்டா 5வது பிரிவோட இதையும் அரசியலமைப்போட 21வது ஷரத்தையும் சேர்த்து தான் வாதம் வைப்போம்.

சட்டம் பலவீனமா இருந்தா பேப்பர் பலமா இருக்கணும். வாய்ல கேட்டா "இல்லம்மா"ன்னு வாய்லயே சொல்லி அனுப்பிடுவாங்க. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு உங்க அக்கா பேர்ல ஒரு மனு எழுதுங்க, "சமூகத்துல வாழ இன்னின்ன ஆதரவு தேவை, திங்கள்ல இருந்து சனி வரைக்கும் காலை 9ல இருந்து மாலை 6 வரைக்கும் பகல் பராமரிப்பு, போக வர வாகனம், தொழில் பயிற்சி"ன்னு நேரம் முதற்கொண்டு எழுதி, பதிவு தபால்ல அனுப்பி, ஒப்புகை அட்டையை பத்திரமா வைங்க. உதவி பண்ணுங்கன்னு பொதுவா எழுதினா பதிலும் பொதுவா தான் வரும். பதில் வராம போனா, இல்ல வசதி இல்லன்னு வந்தா, அது தான் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர்கிட்ட போறதுக்கு உங்க ஆவணம். உரிமை மறுக்கப்பட்டதை விசாரிக்க அவருக்கு 2016 சட்டத்தோட 80வது பிரிவுல அதிகாரம் இருக்கு, சம்மன் அனுப்பறது, ஆவணம் கேட்கறதுல சிவில் கோர்ட்டுக்கு இருக்கற அதிகாரம் இருக்கு. அவர் குடுக்கறது பரிந்துரை தான், ஆனா சம்பந்தப்பட்ட துறை 3 மாசத்துக்குள்ள என்ன பண்ணாங்கன்னு சொல்லணும், ஏத்துக்கலன்னா ஏன்னு காரணம் எழுதணும். அந்த காரணத்தை வச்சு தான் ஹைகோர்ட் போகணும், நேரா முதல் நாளே ஹைகோர்ட் போனா "டிபார்ட்மென்ட்டை அணுகினீங்களா"ன்னு தான் முதல் கேள்வி வரும்.

அதே நேரத்துல உள்ளூர் குழுவுக்கு, அதாவது கலெக்டருக்கு, இன்னொரு மனு. தேசிய அறக்கட்டளை சட்டத்தோட 17வது பிரிவுல உறவினர் யார் வேணும்னாலும் கார்டியன் கவனிக்கல, இல்ல சொத்தை சரியா பார்க்கலன்னு குழுகிட்ட போகலாம், அண்ணனோட தரப்பையும் கேட்டுட்டு தான் குழு முடிவு எடுக்கும். எடுத்த உடனே அவரை நீக்குங்கன்னு கேட்கணும்னு இல்ல. நானா இருந்தா முதல்ல மூணு கேட்பேன், நியமன ஆணையோட நகல், இது வரைக்கும் குடுத்த கணக்கு, அப்புறம் குழு உறுப்பினர் ஒருத்தர் ஹோமுக்கு நேர்ல போய் அக்காவை தனியா பார்த்து அவ விருப்பத்தை பதிவு பண்றது. மூணாவது தான் உயிர். உங்க அக்கா பேச்சு கம்மின்னாலும் "வீடு"ன்னு தெளிவா சொல்றா இல்ல, அது விருப்பம் தான். ஆனா எந்த வீடு, அம்மா இருந்த வீடா, உங்க வீடா, இல்ல அம்மாவையே தான் அப்படி தேடறாளா, இது நிஜமாவே தெரிஞ்சுக்கணும். போட்டோ காட்டி கேளுங்க, உங்க வீட்டு போட்டோ, பசங்க போட்டோ, ஹோம் போட்டோ, வேற வேற நாள்ல. ஒரு ஸ்பெஷல் எஜுகேட்டரோ சைக்காலஜிஸ்ட்டோ கூட இருந்து எழுதி குடுத்தா குழு முன்னாடி எடுபடும். ரெண்டு நாள், அப்புறம் ஒரு வாரம்னு உங்க வீட்டுல தங்க வச்சு பார்க்க குழுகிட்டயே அனுமதி கேளுங்க, ஒருத்தரை நிரந்தரமா மாத்தறதுக்கு முன்னாடி இது அவங்களுக்கும் நல்லது உங்களுக்கும் நல்லது, அண்ணனும் இதுக்கு சம்மதிக்க வாய்ப்பு இருக்கு. உங்க வீடு அவளுக்கு சரிப்படலன்னா நாலஞ்சு பேர் சேர்ந்து வாழற குரூப் ஹோம் மாதிரி இடம் இருக்கான்னு தேடறதும் தோல்வி இல்ல.

வக்கீலுக்கு காசு இல்லன்னு நிக்காதீங்க. சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டத்தோட 12வது பிரிவுல மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காம இலவச வக்கீல் உண்டு, மாவட்ட கோர்ட் வளாகத்துலயே ஆபீஸ் இருக்கும், 15100க்கு போன் பண்ணாலும் வழி சொல்லுவாங்க. விண்ணப்பம் அக்கா பேர்ல போகட்டும், உங்க பேர்ல போட்டாலும் பெண்களுக்கும் அதே பிரிவுல வருமான வரம்பு கிடையாது.

அந்த மாத்திரை விஷயம் எனக்கு உறுத்துது, இதுக்கு மேல சொன்ன எதுக்கும் காத்திருக்க வேண்டாம். என்ன மாத்திரை, எந்த டாக்டர் எழுதினது, எதுக்காகன்னு பிரிஸ்கிரிப்ஷன் நகல் எழுத்துல கேளுங்க. வலிப்புக்கா இருக்கலாம், நியாயமான காரணம் இருக்கலாம், அதனால பார்க்க போறப்ப நீங்களே நிறுத்த சொல்லிடாதீங்க. ஆனா அமைதியா இருக்கணும்னு தூங்க வைக்கற பழக்கம் சில ஹோம்ல இருக்கு, ஆள் பத்தாத இடத்துல அது தான் சுலபம். காட்ட மறுத்தா, இல்ல அடிச்ச தழும்பு, எடை குறைவு மாதிரி ஏதாவது கண்ணுல பட்டா, 2016 சட்டத்தோட 7வது பிரிவுல ஆர்டிஓகிட்ட, அதாவது வருவாய் கோட்டாட்சியர்கிட்ட, புகார் குடுக்கலாம், நிர்வாக நடுவர்ங்கற முறையில மீட்கவும் பாதுகாக்கவும் உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருக்கு. அந்த ஹோமுக்கு 2016 சட்டத்துல பதிவு சான்றிதழ் இருக்கான்னும் நல அலுவலகத்துல கேளுங்க, மனநோய் உள்ளவங்களையும் சேர்த்து வச்சு வைத்தியம் பண்றாங்கன்னா மனநல சட்டத்துல தனி பதிவு வேணும். ஏர்வாடியில ஒரு மனநல காப்பகத்துல 2001 ஆகஸ்ட் 6ம் தேதி சங்கிலியில கட்டி வச்சிருந்தவங்க 28 பேர் தீயில செத்தாங்க, தமிழ்நாட்டுல பதிவு பத்தி கேட்கறதுக்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்ல.

கடைசியா நடைமுறை விஷயம் ஒண்ணு. குழு அனுமதி குடுத்து அக்காவை கூட்டிட்டு வர்ற அன்னிக்கு ஹோம்ல ஒரு பேப்பர் நீட்டுவாங்க, இனி எந்த புகாரும் இல்ல, எல்லாம் திருப்தியா வாங்கிக்கிட்டேன்னு. அதுல கையெழுத்து போடாதீங்க, ஆளை கூட்டிட்டு போறேன், இன்ன இன்ன பொருள் வாங்கினேன்னு மட்டும் தேதியோட எழுதி குடுங்க. வாங்க வேண்டியது, யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை), ஆதார், ரேஷன் கார்டு நகல், பேங்க் பாஸ்புக், மருத்துவ ரெக்கார்ட், மாத்திரை 15 நாளுக்காவது, அப்புறம் கட்டின பீஸ் ரசீதுகள். ஒரிஜினல் எல்லாம் அண்ணன்கிட்ட இருக்குன்னு சொன்னா அதையும் எழுத்துல வாங்கிக்கோங்க, குழுவுக்கு குடுக்கற அடுத்த மனுவுல அது தேவைப்படும்.